பனிமூட்டத்தில் குக்கர் விசில்

அந்தச் சமையல்காரர் இருபது வருஷமாக மலையேறும் குழுக்களோடு போய் வருகிறார். ஆனால் அடிவாரக் கூடாரத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தவரில்லை. கேட்டால், "உச்சியில அடுப்பா இருக்கு, நான் போறதுக்கு?" என்பார். அந்த அடிவாரமே வெகு உயரம்; அங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். அரிசி மட்டும் லேசில் வேகாது. அதனால் குக்கர்தான் அவருக்கு வலது கை.

அந்த வருஷம் மேலே போன ஐந்து பேரில், சுமை தூக்கப் போன அவருடைய தங்கை புருஷனும் ஒருவன். "அண்ணா, அவரைப் பத்திரமா கூட்டிட்டு வந்துடு" என்று தங்கை சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஏழாம் நாள் காலையில் மேலே பனி சரிந்தது. இரண்டு பேர் விழுந்தடித்து இறங்கி வந்தார்கள். மூன்று பேரைக் காணோம்; தங்கை புருஷனும் அதில் ஒருவன். அதற்குள் மூட்டம் இறங்கி, நீட்டிய கை நமக்கே தெரியாதபடி மூடிவிட்டது. தேடப் போகவும் வழியில்லை.

சமையல்காரர் கடவுளைக் கும்பிட்டுவிட்டு, இரண்டு குக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி ஸ்டவ்வில் ஏற்றினார். விசில் மாற்றி மாற்றிக் கூவியது.

"யோவ், மூணு நாளைக்குத்தான்யா மண்ணெண்ணெய் இருக்கு!" என்று கூடாரத்தில் இருந்த குழுத் தலைவர் கத்தினார்.

"நாம பட்டினி கிடந்துக்கலாம் சார். காது இருக்கிறவன் கேட்டு வரட்டும்."

மத்தியானம் தாண்டியது. கூடாரத் துணி விலகியது. மீசையெல்லாம் பனியாக மாப்பிள்ளை நின்றான்.

"என்ன மச்சான், நாப்பது விசில் விட்டிருக்கே! சோறு கூழாப் போயிருக்குமே?"

"சோறு ஏதுடா மாப்ளே, வெறும் தண்ணி."

"அடப்பாவி! அந்தச் சோத்த நெனச்சுத்தானே தவழ்ந்து வந்தேன்!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, அவர் அவனைக் கட்டிக்கொண்டார். கையுறையைக் கழற்றி விரல்களை எண்ணினார். பத்தும் இருந்தன.

"மத்த ரெண்டு பேரு?"

"கயிறு அறுந்துபோச்சு மச்சான். கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். சத்தமே வரல."

ஒரு குக்கரில் அவனுக்கு அரிசியைப் போட்டார். இன்னொன்றில் மறுபடியும் தண்ணீரையே ஊற்றினார். இந்தத் தடவை தலைவரே குந்தி உட்கார்ந்து ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தார். இருட்டும்வரை விசில் ஓயவில்லை.

அந்த இருவரும் வரவில்லை. மூட்டம் விலகித் தேடியும் கிடைக்கவில்லை. ஆண்டவன் அவர்களைக் குளிரில்லாத இடத்தில் வைத்திருக்கட்டும் என்று இவர் தினமும் வேண்டிக்கொள்கிறார்.

மாப்பிள்ளை அதன்பிறகு சுமை தூக்கவில்லை. அடிவாரத்தில் இவருக்கு வெங்காயம் நறுக்குகிறான். "மாட்டுக்கா போடப்போறோம், இத்தனை பெருசா வெட்டுறே?" என்று இவர் திட்டாத நாளில்லை.