என் பித்தப்பையும் இரண்டு மேதைகளும்

எங்கள் வீட்டு ஹாலில் இந்தியாவின் சுகாதாரக் கொள்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்தரை மணிக்குத் தீர்மானிக்கப்பட்டு வந்தது. தீர்மானிப்பவர்கள் இருவர். ஒருவர் என் கணவர். இன்னொருவர் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அங்கிள். இட்லி சுட்டு, சட்னி அரைத்து, காபி கலந்து கொடுக்கும் நான் எந்தக் கட்சியிலும் இல்லை. என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதும் ஒரு காரணம்.

என் கணவருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். எனக்கும்தான். பத்து வருடங்களுக்கு முன், கல்யாணம் ஆன கையோடு, அவருடைய சாஃப்ட்வேர் வேலைக்காகப் புனே வந்தோம். அங்கே வானவடி என்ற பகுதியில் ஃப்ளாட் வாங்கினோம். பக்கத்திலிருக்கும் ஒரு பள்ளியில் நான் ஒப்பந்த அடிப்படையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் இரண்டரை வருடங்களுக்கு முன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கன்சல்டிங் தொடங்கினார். அன்றிலிருந்து சந்தையின் மேல் அவருக்கு ஒரு பக்தி வந்துவிட்டது. வைத்தியமோ கல்வியோ, சந்தையிடம் விட்டுவிட்டால் அது தானாகப் பார்த்துக்கொள்ளும் என்பார். காய்கறி வாங்கச் சந்தைக்குப் போவது மட்டும் நான்.

அங்கிளின் குடும்பம் நாலு தலைமுறையாகப் புனே கன்டோன்மென்ட் பக்கம் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் சூப்பரின்டென்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தமிழின் நடுவே இந்தியும் மராத்தியும் வந்து உட்கார்ந்துகொள்ளும், எழுப்பிவிட முடியாது. வைத்தியம் சர்க்காரின் கடமை, அதில் லாபம் பார்ப்பவன் பாவி என்பது அவருடைய கட்சி. அவருக்குப் பென்ஷனோடு ஒரு மருத்துவ அட்டையும் உண்டு. அந்த அட்டையைக் காட்டினால் பெரிய பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் ஏசி அறையில் படுத்துக்கொள்ளலாம், செலவைச் சர்க்கார் ஏற்றுக்கொள்ளும். இரண்டு முழங்கால்களையும் அப்படித்தான் மாற்றிக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியின் பெருமைகளை, அந்தப் புது முழங்கால்களை எங்கள் டீப்பாய்க்கு அடியில் நீட்டி வைத்துக்கொண்டுதான் விளக்குவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருந்து விலையை யார் நிர்ணயிப்பது என்பதில் இருந்தார்கள். எனக்கு விடிந்ததிலிருந்தே வலது விலாவுக்குக் கீழே வலி. முதலில் லேசாக இருந்தது, பிறகு யாரோ உள்ளேயிருந்து கை விட்டுப் பிசைவதுபோல ஆனது. காலையிலேயே கணவரிடம் சொன்னேன். கேஸ் என்றார். எங்கள் வீட்டில் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே வரும் எல்லா வலிக்கும் அதுதான் பெயர்.

ஹாலிலிருந்து பேச்சு கேட்டது.

"தம்பி, ஏக் பாத் சொல்லு. உசுரு போறவன் கடை கடையா ஏறி விலை கேப்பானா?"

"கேக்கணும் சார். நோயாளிங்கறவன் ஒரு கஸ்டமர். கஸ்டமர் கையிலதான் எல்லாப் பவரும் இருக்குது. அவன் முடிவு பண்ணணும்."

எல்லாப் பவரும் கையிலிருந்த கஸ்டமர் அப்போது சமையலறையில், மிக்ஸிக்குக் கீழே, தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, கொஞ்சம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டேன்.

"ஒரு நிமிஷம். இந்தப் பாயின்ட்டை முடிச்சுட்டு வந்தர்றேன்."

பாயின்ட் முடிவதற்குள் நான் வாந்தி எடுத்தேன். முதலில் ஓடி வந்தது அங்கிள்தான். புது முழங்கால்கள் நன்றாக வேலை செய்தன. "அரே, முகம் பூரா வெளுத்துப் போச்சே பேட்டி" என்றார், மகளே என்பதை அவர் இந்தியில்தான் சொல்வார். கணவர் பின்னால் வந்து நின்று, என்னைப் பார்த்து, நான் இதுவரை பார்க்காத அளவுக்குப் பயந்தார். அடுத்த நிமிடமே அரசு ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா, தனியார் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா என்று ஒரு சின்ன விவாதம் ஆரம்பித்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனேன். கீழே வாட்ச்மேன் ரிக்ஷா நிறுத்தினார்.

எந்த ஆஸ்பத்திரி என்பதில் மட்டும் விவாதமே இல்லை. பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியின் பெயரை ரிக்ஷாக்காரரிடம் சொன்னதே அங்கிள்தான்.

அது கல்யாண மண்டபம் மாதிரி பளபளப்பான இடம். அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, எவ்வளவு நாளாக வலி என்று இந்தியில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பதில் சொன்னார். பதற்றம் வந்தால் அவருக்கு நகைச்சுவையும் கூடவே வந்துவிடும்.

"கல்யாணம் ஆனதிலிருந்தே வலிதான் டாக்டர்."

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"பத்து."

டாக்டர் சிரித்தார். கணவர் சிரித்தார். "இன்னைக்குக் காலையிலிருந்துதான்" என்று நான் முனகியது யார் காதிலும் விழவில்லை. சிரித்துக்கொண்டே டாக்டர் எழுதினார்.

ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் இருப்பது தெரிந்தது. பை வீங்கியிருக்கிறது, மருந்து ஏற்றி, இரண்டு நாளில் துளை போட்டு எடுத்துவிடலாம் என்றார்கள். அறை கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே செயற்கை நீரூற்று. கணவர் அதைப் பார்த்து, "போட்டி இருந்தாத்தான் இந்தத் தரம் வரும்" என்றார். கையில் ஊசி செருகியிருந்ததால் நான் வாதாடவில்லை.

மறுநாள் பகலில் இன்ஷூரன்ஸ் கவுன்டரிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே நடந்ததைக் கூடவே போயிருந்த அங்கிள் பிற்பாடு எனக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. நோயாளிக்குப் பத்து வருடமாக வயிற்று வலி இருந்திருக்கிறது, பாலிசி எடுத்து இரண்டரை வருடம்தான் ஆகிறது, எடுக்கும்போது இதைச் சொல்லாமல் மறைத்திருக்கிறீர்கள் என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

"அது ஜோக்குங்க மேடம்" என்றிருக்கிறார் என் கணவர்.

கவுன்டர் பெண் கோப்பை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாக, "ஜோக்குன்னு இதில் எழுதலையே சார்" என்றாளாம்.

இளம் டாக்டரைத் தேடிப் போனார்கள். எழுதியதை அடித்துத் திருத்துவது குற்றம் என்று அவர் கையை விரித்துவிட்டார். அப்போது அந்தப் பளபளக்கும் தரையின் நடுவில் நின்று என் கணவர் கேட்ட கேள்வியை, அங்கிள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தடவை நடித்துக் காட்டினார்: "இவனுகளையெல்லாம் கேக்கறதுக்கு நாட்டுல ஒரு கவர்மென்ட் இருக்குதா இல்லியா சார்?"

"ஃபோன்ல ரிக்கார்ட் பண்ணாம விட்டுட்டேன் பேட்டி" என்று அங்கிள் மெய்யாகவே வருத்தப்பட்டார்.

மாலை அறுவை நிபுணர் வந்தார். நரைத்த தலை, குறைந்த பேச்சு. விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. வீக்கம் வடிந்துகொண்டிருக்கிறது, பயமில்லை, சில வாரங்கள் கழித்துக்கூட ஆபரேஷன் செய்யலாம், கொழுப்பு மட்டும் சாப்பிடக் கூடாது என்றார். பிறகு, வாரத்தில் இரண்டு நாள் தான் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் செய்வதாகச் சொன்னார். "அங்கேயும் இதே கைதான்" என்று கையைத் திருப்பிக் காட்டினார்.

சேமிப்பிலிருந்து எடுத்து இங்கேயே முடித்திருக்கலாம். கணவரும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஞாயிறுதோறும் இவ்வளவு வருடமாகக் காது கொடுத்திருக்கிறேன், அந்த இடத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா என்று எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது. அங்கேயே போகிறேன் என்றேன்.

"அங்கயா?" என்றார் கணவர்.

"வேண்டாம் பேட்டி" என்றார் அங்கிள். "ஒரே கூட்டம். பாத்ரூம் பூரா கந்தா, அவ்வளவு அழுக்கு. நீ இங்கயே பண்ணிக்கோ."

"நீங்கதான அங்கிள் சர்க்கார் ஆஸ்பத்திரிதான் பெஸ்ட்டுன்னு சொல்வீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது ஜனங்களுக்கு மா. நமக்கு இல்ல."

என் கணவர் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்குத் தெரிந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

வீக்கம் வடிந்ததும் கைக்காசைக் கட்டி வீட்டுக்கு வந்து, சில வாரங்கள் கழித்துத் தீபாவளி விடுமுறையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் நாள் சீட்டுப் போடும் வரிசை, ரத்தத்துக்கு ஒரு வரிசை, கையெழுத்துக்கு ஒரு வரிசை. கணவர் மூன்றிலும் நின்றார். முதல் வரிசையில் லேப்டாப்பைத் திறந்து மீட்டிங்கில் கலந்துகொள்ளப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் முன்னால் நின்ற பெரியவர், இடத்துக்குப் பையை வைத்துவிட்டுப் போய் டீ குடித்து வரலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பையை வைத்தார், லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. ஸ்கேன் அறைக் கதவில் மெஷின் பழுது என்று மராத்தியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தெருவைக் கடந்து எதிரே இருந்த தனியார் ஸ்கேன் மையத்துக்குப் போகச் சொன்னார்கள். அதன் போர்டு ஆஸ்பத்திரியின் போர்டைவிடப் பெரிதாக இருந்தது. "பாத்தியா, கவர்மென்ட்டால ஒரு மெஷின் ஓட்ட முடியல" என்றார் கணவர். அன்று மாலை அங்கிளிடம் சொன்னபோது, "பாத்தியா, எதிர்க்கடைக்காரன் பொழைக்கறதுக்குத்தான் அந்த மெஷினை ரிப்பேர் பண்ணாம வச்சிருக்காங்க" என்றார். ஒரே மெஷின், இருவருக்கும் உதவியது.

வார்டில் முப்பது கட்டில்கள். என் பக்கத்துக் கட்டிலில் புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்யும் பெண். அவளுக்கும் பித்தப்பைதான், முந்தின நாள் எடுத்திருந்தார்கள். அரசுக் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருக்கிறாள். திட்டத்துக்கான கட்டில் காலி இல்லை என்று இரண்டிலும் அனுப்பிவிட்டார்கள். வசதியாக இருக்கும் நீ ஏன் இங்கே வந்தாய் என்று இந்தியில் கேட்டாள். பத்து வருட வலியின் கதையைச் சொன்னேன். அவள் தையலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, தையலை வலிக்கவைத்ததற்காக என் கணவரைத் திட்டினாள்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது பயமாக இருந்தது. மேலே விளக்குகளில் பாதி எரியவில்லை. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனேன். உள்ளே அதே நரைத்த தலை, அதே கை. எழுந்தபோது வாந்தி வந்தது. காலையில், செருப்போடு வார்டுக்குள் வந்தேன் என்று என்னைப் பார்த்துக் கத்திய சிஸ்டர்தான் தட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் நெற்றியைத் தாங்கினார். எனக்கு ஏனோ அழுகை வந்தது. மயக்க மருந்தால் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் கணவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரியிடம் ஆய்வு நடத்தினார். அரசாங்கம் உங்கள் கையில் ஒரு கூப்பனைக் கொடுத்து, பிடித்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் நன்றாக இருக்குமா என்று கேட்டார்.

"பாவ்" என்று மராத்தியில் அவரை அண்ணனாக்கிக்கொண்டு, "முதல்ல பாத்ரூம்ல தண்ணி வரட்டும்" என்றாள் அவள்.

அன்று காலையிலிருந்து குழாயில் தண்ணீர் வரவில்லை. கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய் இரண்டு பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்குள் வார்டு முழுவதும் அவரைப் பார்த்துவிட்டது. ஆறு நடை நடந்தார். ஆறாவது நடையில் மாடிப்படியில் அங்கிள் எதிரே வந்தார், மூக்கில் கர்ச்சீப்போடு.

"க்யா ஹுவா தம்பி, பிஸினஸ் மாத்திட்டியா?"

"தண்ணி வரல சார்."

அங்கிள் கர்ச்சீப்பைப் பைக்குள் வைத்தார். நேராக ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போய், ஒரு மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, மராத்தியில் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். முப்பத்தைந்து வருட சர்க்கார் உத்தியோகத்தில், எந்த மேஜைக்கு எதிரில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் எழுந்திருப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாலு மணிக்குப் பிளம்பர் வந்தார். ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது. வார்டிலிருந்த பெண்கள் அவரை மேலதிகாரி என்று நினைத்து, மின்விசிறி, கொசு, ரொட்டி என்று வரிசையாகப் புகார் சொன்னார்கள். அவர் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு கணவர், தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அந்தச் சில நாட்களுக்காக இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு எழுதினார். தன் நகைச்சுவை வெறும் நகைச்சுவைதான் என்று மூன்று பிரதிகளில் விளக்க வேண்டியிருந்தது. நான் அதை உறுதி செய்து கையெழுத்திட்டேன். சிரிப்பு வராத நகைச்சுவை என்று சேர்க்க நினைத்தேன், வழக்கு கெட்டுவிடும் என்று விட்டேன். மூன்று மாதத்தில் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. போட்டிக் கம்பெனிக்குப் பாலிசியை மாற்றிவிடுவேன் என்று தான் மிரட்டியதால்தான் பயந்தார்கள் என்றார் கணவர். சர்க்கார் அதிகாரி காதைத் திருகியதால்தான் என்றார் அங்கிள். அந்த ஞாயிற்றுக்கிழமை இட்லி வழக்கத்தைவிட அதிகமாகச் செலவானது.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ரஞ்சன்காவ் பெண்ணிடமிருந்து ஃபோன் வந்தது. அவ்வப்போது பேசுவாள். பத்தே நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டதாக அன்றுதான் சொன்னாள். லீவு எடுத்தால் அந்த நாட்களுக்குக் கூலி இல்லையாம். பெட்டியைத் தூக்கும்போது இன்னும் வலிக்கிறது என்றாள். நீ எத்தனை நாள் படுத்திருந்தாய் என்று கேட்டாள். விடுமுறை முடியும்வரை, மூன்று வாரம் என்றேன். "நல்லது, உடம்பைப் பாத்துக்கோ" என்றாள், மனதாரத்தான் சொன்னாள். எனக்குக் கூசியது.

ஃபோனை வைத்துவிட்டு ஹாலுக்குப் போய் இருவரிடமும் சொன்னேன். கணவர் தட்டைக் கீழே வைத்தார். அங்கிள் ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு, இந்த மாதிரி லீவுக்குக் கூலி கொடுக்க வேண்டியது முதலாளியா சர்க்காரா என்று ஆரம்பித்தார்கள்.