கின்சே நாள் கணக்கு

சொந்தமாக ஒரு முழ நிலம் இல்லாத வீட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். வாடகைத் தறியில்தான் முதலில் உட்கார்ந்தேன். இன்று சின்ன காஞ்சிபுரத்தில் பன்னிரண்டு தறி, மாடி வீடு, பெரிய கடை எல்லாம் என் கையால் வந்தவை. இந்தக் கணக்கில் ஒரு ஸ்பானிய எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோவிலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். அங்கே பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்தால் கல்யாணம் போல விழா எடுப்பார்களாம். மகளுக்கு மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட பட்டு வேண்டும் என்றார். வெளிநாட்டு வாடிக்கைக்காகவே செல்போனில் ஸ்பானியம் படித்தவள் என் மருமகள். அவளிடம் "கின்சே தியாஸ்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மதுரைப் பக்கம் கிளம்பினார். திரும்பி வந்து, புடவையை வாங்கிக்கொண்டு, அன்றே விமானம் ஏறுவதாக ஏற்பாடு.

அன்று திங்கட்கிழமை. கின்சே என்றால் பதினைந்து, பதினைந்து நாள் கழித்துச் செவ்வாய் வருகிறது என்று மருமகள் குறித்துக்கொண்டாள். எனக்கு உறுத்தியது. அவர்கள் ஒரு வாரத்தை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன். எட்டு நாள் என்பார்களாம்.

"அப்போ திங்கக்கிழமைதாம்மா. நம்மளும் திங்களுக்குத் திங்கள் எட்டாம் நாள்னுதானே சொல்றோம்? அவங்களும் இன்னிக்கியும் சேத்து எண்ணிக்கினு இருக்காங்க."

"என் லெசன்ல இது வரலியே மாமா," என்றாள்.

நெசவாளியிடம் ஒரு நாளைக் குறைத்தேன். முனகினார். பிரியாணி வாங்கிக் கொடுத்ததும் முனகல் நின்றது. ஞாயிறு மாலை புடவை தறியை விட்டு இறங்கியது. திங்கள் காலை பத்து மணிக்கெல்லாம் வாசலில் கார். செவ்வாய் என்று இருந்திருந்தால் அந்தப் பெண் விழாவில் வேறு ஏதோ துணியைத்தான் உடுத்தியிருப்பாள். பிறகு படம் அனுப்பினார்கள். முந்தானை வலது தோளில் கிடந்தது. இருந்தாலும் என்ன அழகு!

இப்போது மருமகள் ஏனாத்தூரில் கல்லூரிப் பிள்ளைகளிடம் இந்த எண்ணைப் பற்றிப் பேசப் போகிறாள். எழுதியதை வாசித்துக் காட்டினாள். லத்தீனில் ஐந்தை முன்னால் வைத்துப் பத்தைச் சேர்த்துச் சொன்னது தேய்ந்துதான் கின்சே ஆனதாம். பதினாறு வந்ததும் நம்மைப் போலவே பத்தை முன்னால் கொண்டுவந்துவிடுகிறார்களாம். கேட்கக் கேட்க எனக்கு ஒரே குஷி. நாள் கணக்கு வந்த இடத்தில் மட்டும், "எங்கள் கடையில் கண்டுபிடித்தோம்" என்று இருந்தது.

கடை கண்டுபிடிக்கவில்லை, நான் கண்டுபிடித்தேன். "என் மாமனார்" என்று திருத்தி எழுதம்மா. மேடையில் அந்த இடத்தைச் சத்தமாகவே படி.