ஜட்காக்காரர் கேட்ட கேள்வி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் கணக்கெழுதிவந்தேன். பாக்கிக்காரர்களை வீடு தேடிப் போய்க் கேட்பதும் என் வேலைதான்.

மந்தைவெளியில் ஜட்கா குதிரைவண்டி ஓட்டிய காதர் பாய், மகளின் டைபாய்டு வைத்தியத்துக்குத் தரவேண்டியதைத் தராமல் இழுத்தடித்தார். என்னைக் கண்டாலே வண்டியை வேறு தெருவில் திருப்பிவிடுவார். ஒருநாள் சித்திரை வெயிலில் அவரை வழிமறித்தேன்.

“டாக்டர் பணம்னா உமக்கு இளக்காரமா?” என்று கத்தினேன். காலையிலிருந்தே எனக்குக் காய்ச்சல். கண் இருட்டிக்கொண்டு வர, அங்கேயே விழுந்துவிட்டேன்.

விழித்தபோது ஜட்காவுக்குள் கிடந்தேன். வண்டி எங்கள் டாக்டரின் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

“இங்கேயா வரீர், பாய்?”

“வேற எங்க போறது? பேசாம படு நைனா.”

டாக்டரின் முகத்தைப் பார்க்கக் கூசியபடியே என்னைத் தூக்கிப்போய் உள்ளே கிடத்தினார். வண்டிக்கூலியும் வாங்கவில்லை.

மறுநாள் என் அறைக்கே வந்து, “ஒடம்பு இப்ப எப்டி கீது?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ முறை அவர் வாசலில் நின்றிருக்கிறேன். அந்தப் பெண் தேறினாளா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“மக எப்படி இருக்கா, பாய்?”

அவர் முகம் மலர்ந்தது. “நடக்குது நைனா. நேத்து கெணத்தடி வரைக்கும் போச்சி.”

பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அவரே கொண்டுவந்து கட்டினார். அதன்பிறகு எங்கே போனாலும் நோயாளியைத்தான் முதலில் விசாரித்தேன். சில இடங்களில் பணம் வசூலாகாமல் போனதுண்டு. ஆனால், “உட்காருங்கோ” என்று சொல்லாத வீடு இல்லை.