சின்னோராவின் பெயரில் ஓர் அடக்கம்

லீரா போய் யூரோ வந்த வருடம், எட்டு வயதில், நான் ஒரு யானையை அடக்கம் செய்தேன். முழு யானையையல்ல. இத்தாலியின் பலெர்மோ நகரில் அதற்கு எங்கே இடம்?

அம்மா வேலை செய்த வீடு வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இருந்தது. பள்ளி விட்டதும் நானும் அங்கே போய்விடுவேன். நாங்கள் சின்னோரா என்று கூப்பிட்ட வீட்டுக்காரியின் பியானோமேல் என் கை நீளத்துக்கு ஒரு தந்தம் இருந்தது. கணவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தாராம். பால்பல்லைப்போலத் தானாக விழுந்ததாம். எனக்கும் அப்போது முன்பற்கள் விழுந்திருந்ததால் நம்பினேன்.

பிறகு ஒருநாள் வகுப்பில் ஆசிரியை சொன்னார்: தந்தத்தின் வேர் தலைக்குள் இருக்கிறது, வேட்டைக்காரர்கள் யானையைக் கொன்றுதான் அதை எடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. கூட்டத்தை நடத்தும் மூத்த தாயைச் சுட்டுவிட்டால், மற்றவை தண்ணீருக்கு வழி தெரியாமல் அலையும்.

அன்றைக்கே, அம்மா சமையலறையில் இருந்த நேரம், தந்தத்தைத் தலையணை உறையில் சுற்றி முற்றத்துக்குக் கொண்டுபோனேன். எலுமிச்சைத் தொட்டியைச் சூப் அகப்பையால் தோண்டினேன். எவ்வளவு தோண்டியும் நுனி வெளியே நின்றது. ஞானஸ்நானம் இல்லாமல் அடக்கம் செய்யலாமோ என்று சந்தேகம் வந்ததால், தண்ணீர் தெளித்துப் பெயரும் வைத்தேன். கூட்டத்தின் தலைவிக்குச் சின்னப் பெயர் பொருந்தாது. எனக்குத் தெரிந்த ஆக நீளமான பெயர் சின்னோராவுடையதுதான். அதைச் சொல்லி, அவரின் ஆன்மா இளைப்பாறட்டும் என்று இத்தாலிய மொழியில் உரக்கச் செபித்தேன்.

மேல்மாடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த சின்னோராவின் காதில் தன் மரணச் செய்தி விழுந்தது.

அம்மாதான் ஈரக் கையோடு முதலில் ஓடிவந்தாள்.

"என்னடி செய்யிறாய்?"

"ஆனையை அடக்கம் செய்யிறன்."

"உடனை எடுத்துக் கழுவிக் குடு. மன்னிப்புக் கேள்."

"மாட்டன். அது பால்பல் இல்லை. சுட்டவங்கள்."

அதற்குள் சின்னோராவும் இறங்கி வந்துவிட்டார். ஆசிரியை சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். அவர் மண்ணில் நீட்டிக்கொண்டிருந்த நுனியைக் கொஞ்சநேரம் பார்த்தார். கணவர் தன்னிடமும் பால்பல் என்றுதான் சொன்னதாகச் சொன்னார். பிறகு, பெயரை மட்டும் மாற்றிக் கணவருடைய பெயரை வைக்க முடியுமா என்று கேட்டார். இது பெண் யானை என்றேன். அப்படியென்றால் இருக்கட்டும் என்றார்.

மேலே போகத் திரும்பியவர் அம்மாவைக் கூப்பிட்டார். இத்தாலியில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கத் திங்கட்கிழமை குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய வேலைக் கடிதத்தில் இப்போதே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வா என்றார்.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நான் பக்கத்தில் போய் அவள் முதுகைத் தடவினேன்.

"அழாதேங்கோ அம்மா. அது மோட்சத்துக்குப் போயிருக்கும்."

"ஓம்," என்றாள் அம்மா.

யானைமேல் அவளுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.