மழையில் கிடக்கும் தண்டவாளம்

ஜேர்மனியில் இருக்கும் மகளிடம் மூன்று மாதம் நின்றுவிட்டு என் கணவர் திரும்பி வந்தபோது, பெட்டிக்குள் உடுப்பைவிட ரயில்தான் கூட இருந்தது. முழங்கை நீளத்தில் ஓர் எஞ்சின், நாலு பெட்டிகள், ஒரு கட்டுத் தண்டவாளம். அங்கே ஆட்கள் இதை வீட்டுத் தோட்டத்தில் ஓடவிடுவார்களாம். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற மனிசன், அன்று பின்னேரமே வளவுக்குள் அதைப் பூட்டி, பற்றரி போட்டு ஓடவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருசம்கூட அது தாங்கவில்லை. வெக்கையான கச்சான் காற்றும் வெயிலும் அடித்ததில், தண்டவாளத்தைத் தாங்குகிற பிளாஸ்டிக் சிலிப்பர் கட்டைகள் வெளிறி, அப்பளம் மாதிரி நொறுங்கத் தொடங்கின. ரயில் ஒரு பாதையை விட்டு மற்றப் பாதைக்கு மாறுகிற இடத்தை இங்கே பொயின்ற்ஸ் என்போம். அந்தப் பொயின்ற்ஸுக்குள் மூடிய ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள்ளிருந்த கம்பிச்சுருள் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டது. மிச்சத்தை, எங்கள் பக்கம் வளவு வளவாய்த் திரியும் மான்களில் ஒன்று மிதித்து முடித்தது. அவர் எல்லாவற்றையும் பொறுக்கிப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். பிறகு வீட்டில் ரயில் கதையே இல்லை.

நான் ஆஸ்பத்திரியில் பல் கட்டுகிற வேலை செய்தவள். பல் பிடுங்குகிற ஆள் இல்லை. பின்னறையில் இருந்து அச்சு வார்த்து, கம்பி வளைத்து, பொய்ப்பல் செய்து கொடுக்கிற ஆள். ஒருநாள் அலுமாரிக்கு மேலே எதையோ தேடும்போது உடைந்த சிலிப்பர் கட்டை ஒன்று கையில் அகப்பட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மனிச வாயைவிட மோசமான இடம் இல்லை. நாள் முழுக்க ஈரம், சுடச்சுடத் தேத்தண்ணி, புளி, உப்பு, அதற்கு மேலே கடி. அதற்குள் பத்து வருசம் கிடக்கிற சாமான் செய்தவளுக்கு, மழைக்குள் கிடக்கிற ஒன்றைச் செய்ய ஏலாதோ என்று நினைத்தேன்.

அன்றிரவு சாப்பிடும்போது, நான் செய்து பார்க்கட்டோ என்று அவரிடம் கேட்டேன்.

"இஞ்சரும், உது பல்லில்லை," என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

பக்கத்து ஊரான கிண்ணியாவில் பைபர் படகு திருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தகப்பனுக்கு நான் பல் செய்து கொடுத்திருக்கிறேன். அவரிடம் போய்ப் படகுக்கு ஊற்றுகிற பசையும் அதை இறுகவைக்கிற மருந்தும் கண்ணாடி நாரும் கறுப்புச் சாயமும் வாங்கி வந்தேன். மரத்தில் ஒரு சிலிப்பர் கட்டையைச் செதுக்கி, அதிலிருந்து றபர் அச்சு எடுத்தேன். ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு வெட்டு. வெட்டுக்குள் பித்தளைப் பட்டியை நிமிர்த்தி நிறுத்தினால் அதுவே தண்டவாளம். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. முதல்முறை ஊற்றியபோது அச்சிலிருந்து புகை வந்து, பன்னிரண்டு கட்டையும் நடுவால் வெடித்துப்போயின.

வெடித்த துண்டொன்றைக் கொண்டுபோய்ப் படகுக்காரரிடம் காட்டினேன். அவர் அதை மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மத்தியானத்துல ஊத்தினீங்களா மிஸ்? சூட்டுக்கு இது கொதிச்சிரும். விடியக்காத்தால, மருந்தைப் பாதியாக் குறைச்சு ஊத்துங்க."

அப்படியே செய்தேன். இரண்டு கிழமை விடிய எழும்பி ஊற்றினேன். குதிக்காலால் மிதித்தும் சுத்தியலால் தட்டியும் பார்த்தேன். ஒரு கட்டையும் வெடிக்கவில்லை.

வளவில் சாண் அகலத்துக்கு வெட்டி, சல்லி போட்டு, அதற்கு மேலே மெல்லிய கொங்கிறீற் பாதை ஊற்றுவித்தேன். தண்ணீர் நிற்காமல் வடியும்படி ஒரு பக்கம் சற்றுச் சரிவு. தண்டவாளத்தை அதில் இறுக்கிப் பூட்டிய அடுத்தநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், நேராக இருந்த பித்தளை நெளிந்து எழும்பி நிற்கிறது. வெயிலில் அது நீளுகிறது, நீள இடமில்லை. எல்லாத் திருகாணிகளையும் கழற்றித் திரும்ப இளக்கமாகப் பூட்டி, துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் பழைய ரயில் ரிக்கெற் மட்டையின் தடிப்புக்கு இடைவெளி விட்டேன். அதற்குப் பிறகு நெளியவில்லை. இந்த வேலையில் என் கணவரும் வந்து குந்தியிருந்து திருகாணி எடுத்துத் தந்தார்.

பொயின்ற்ஸ்தான் என்னை உருக்குலைத்தது. பெட்டி, மூடி எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். பாதையை மாற்ற அசைகிற இரண்டு தண்டவாள நாக்குகளுக்கும் கீழே திறந்த பள்ளம் விட்டேன். மணல் விழுந்தால் மழையே அதைக் கழுவிக்கொண்டு போகும். கம்பிச்சுருளுக்குப் பதிலாக, பொய்ப்பல்லைப் பக்கத்துப் பல்லோடு கொளுவ வளைக்கிற துருப்பிடியாத கம்பியை வளைத்து வைத்தேன். கைப்பிடியான நெம்பைத் தள்ளினால் நாக்கு டக்கென்று பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டியது. ஆனால் எஞ்சினை விட்டால், இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் சக்கரச் சில்லு ஏறிக் கீழே விழுந்தது. சில்லு போகிற இடுக்கை அரத்தால் அராவினேன். இன்னும் அராவினேன். முழுதாகக் கழற்றி வேறொன்று செய்தேன். அதிலும் விழுந்தது. ஒரு மாதம் போயிற்று. விட்டுவிடுவமோ என்று நினைத்ததும் உண்மை.

ஒருநாள் காலை பழைய பல்வேலை ஆயுதப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கடி பார்க்கிற நீலத்தாள் அகப்பட்டது. பல் கட்டியவரை அதை வைத்துக் கடிக்கச் சொன்னால், எந்த இடம் உயர்ந்து முட்டுகிறதோ அங்கே நீலம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் போதும். தாளை எடுத்துக்கொண்டு நேரே வளவுக்குப் போனேன். அந்த வெட்டு இடத்தில் தாளை வைத்து ஒரு ரயில் பெட்டியைக் கையால் மெதுவாக உருட்டினேன். எடுத்துப் பார்த்தால், குறுக்கே வெட்டுகிற கூர்முனையில் ஒரு நீலப்பொட்டு.

பொட்டைப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. பிழை நான் அராவிய இடத்தில் இல்லை. சில்லு ஒரு மயிரளவு பக்கவாட்டில் தள்ளிப்போய்க் கூர்முனையில் முட்டுகிறது. எதிர்ப்பக்கத் தண்டவாளத்துக்கு அருகே ஒரு சின்னப் பித்தளைப் பட்டி வைத்து அந்தப் பக்கத்துச் சில்லைப் பிடித்து இழுத்தால், இந்தப் பக்கத்துச் சில்லு முனையைத் தொடாது. பட்டியை வைத்தேன். தாளையும் வைத்தேன். பெட்டியை உருட்டினேன். பொட்டு இல்லை. எஞ்சினை விட்டேன். போயிற்று. திருப்பி விட்டேன், திரும்பவும் போயிற்று.

அவரைக் கூப்பிடவில்லை. தனியே நின்று இருபதுமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். எனக்கு மட்டுமாக வைத்திருக்க வேண்டும்போல இருந்தது.

அந்த மாரியில் மூன்று நாள் விடாத மழை. வாடைக்காற்று வேம்பை முறித்துப் போட்டது. வளவு முழுக்கத் தண்ணீர் ஓடியது. தண்டவாளத்தைக் கழற்றி உள்ளே எடுப்பமோ என்று அவர் இரண்டுதரம் கேட்டார். வேண்டாம், கிடக்கட்டும் என்றேன். மழை விட்ட காலையில் போய்ப் பார்த்தோம். தண்டவாளத்துக்கு மேலே சேறு, இலை, நடுவில் மான் குளம்புத் தடம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். நெம்பைத் தள்ளினேன். டக்கென்று நாக்கு ஒட்டியது. அவர் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தார். ரயில் வளவைச் சுற்றி, பொயின்ற்ஸைக் கடந்து, தேசிமரத்தின் பக்கம் திரும்பியது.

அவர் உடனே போனில் மகளைக் கூப்பிட்டு வீடியோவில் ரயிலைக் காட்டினார். அங்கே இன்னும் விடியவில்லை. அவள் நித்திரைக் கலக்கத்தில், அப்பா செய்ததோ என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, கொம்மா செய்தது," என்றார். பிறகு போனை நிலத்துக்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு சிலிப்பர் கட்டையாகக் காட்டத் தொடங்கினார்.

பல் வேலையில், நாங்கள் செய்தது ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தால்தான் அது நல்ல வேலை. அத்தனை வருசமும் என் கைவேலையை ஒருவரும் பார்த்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அது பிழையான வேலை. அன்றைக்கு ஈரமண்ணில் செருப்பில்லாமல் நின்று, அவர் என் வேலையை அவசரமில்லாமல் காட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிமிர்ந்தும் இருந்தது.

அடுத்து வந்த பங்குனியில், ரயில் நிலையத்தில் பொயின்ற்ஸ் வேலை செய்கிற எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். குனிந்து கண்ணை மூடிக்கொண்டு நெம்பைப் பத்துத்தரம் இழுத்துத் தள்ளினார். பார்க்கவே இல்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் சரி," என்றார் நிமிர்ந்து. "நாக்கு சரியாய்ப் பூட்டிக்கொள்ளுது."

நான் ஓம் என்று மட்டும் சொன்னேன்.