செம்புழுக் குளம்

கல்யாணம் ஆன முதல் வருசம், தலைப்பொங்கலுக்கு அப்பாவும் சித்தப்பாமாரும் சீர் கொண்டுவந்தாக. தொண்ணூறுகளோட கடைசி அது. கம்பத்துல இருந்து வேன் வச்சு, பச்சரிசி, வெல்லம், கரும்புக்கட்டு, வெண்கலப் பானைன்னு ஒண்ணு குறைக்காம இறக்குனாக. எனக்கோ எப்பக் கிளம்புவாகன்னு இருந்துச்சு.

வடுகபட்டிப் பக்கம் ஒரு பழக்கூழ் ஆலையில எங்க வீட்டுக்காரருக்கு வேலை. ஆலைக் குவார்ட்டர்ஸ்லதான் குடியிருந்தோம். பின்கதவைத் திறந்தா கழிவுத்தண்ணிக் குளம். பழம் கழுவுன தண்ணி, சக்கை ஊறுன சாறு எல்லாம் அங்கனதான் வந்து விழும். அதைப் பாத்துக்கிறதுதான் இவுக வேலை. பொண்ணு கேட்டு வந்த தரகர் "தண்ணிப் பிரிவுல ஆபீசரு"ன்னு அடிச்சுவிட்டுட்டாரு. அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாக. இப்படி ஒரு புளுகு ஓடுறதே இவுகளுக்குத் தெரியாது. குடித்தனம் வந்தப்புறம் எனக்குத் தெரிஞ்சது. நான் மூச்சு விடல. சாக்கடை பாக்குறவனுக்கா பொண்ணைக் குடுத்தீகன்னு சித்தப்பாமார் அப்பாவைக் கேட்டா? வெக்கம் புடுங்கித் தின்னுச்சு.

இத்தனைக்கும் அந்தக் குளத்துல பறவையோ பறவை. குச்சி மாதிரி செவப்புக் காலோட நெடுங்கால் உள்ளான், முக்குளிப்பான்னு மார்கழி, தையில இறங்கிரும். ஒருநாள் இவுக கரையோரச் சேத்தை ஒரு கை அள்ளி என்கிட்ட நீட்டுனாக. நூல்மாதிரி செவப்புப் புழுக நெளியுது.

"கொசு மாதிரி ஒரு பூச்சியோட புழு இது. மீன் பிழைக்காத அழுக்குல இது பெருகும். மீன் இல்லையா, பங்குக்கு ஆளில்ல. அம்புட்டும் பறவைகளுக்குத்தான்"னு சொல்றாக. முகத்துல அப்படி ஒரு சந்தோசம்.

"ச்சீ! முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க"ன்னேன்.

சீர் வந்த அன்னைக்குச் சாப்பிட்டு முடிச்ச கையோட அப்பா பின்பக்கம் போயிட்டாக. "ஏலே, இங்கன வாங்கடா!"ன்னு சித்தப்பாமாரைக் கூப்பிட்டாக. "எம்புட்டுப் பறவை பாரு! இத்தனை உசுரு இறங்குற தண்ணி கெட்டதாவா இருக்கும்? எங்க மாப்ள காபந்து பண்ற குளம்டா!"

"என்னமோ புளிச்ச வாடை அடிக்குதேண்ணே"ன்னாரு சின்னச் சித்தப்பா.

"பழ ஆலையில பின்ன மல்லிகையா மணக்கும்?"

எங்க பக்கம் ஒரு நிலத்தை விலை பேசணும்னா, தண்ணியை வாயில விட்டுக் கொப்புளிச்சுப் பாத்துட்டுத்தான் பேசுவாக. உப்பா, சப்பையா, திராட்சைக்கு ஆகுமான்னு நாக்கே சொல்லிரும். அதுல அப்பா கில்லாடி. பக்கத்து ஊர்க்காரக எல்லாம் வந்து கூட்டிட்டுப் போவாக. இப்பவும் அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக் கரையில குத்தவச்சு, ரெண்டு கையாலயும் அள்ளுனாக.

நான் கதவோரம் நிக்கிறேன். "வேணாம்ப்பா"ன்னு ஒத்த வார்த்தை போதும். சித்தப்பாமார் நிக்கிறாகளே, சொன்னா குட்டு உடைஞ்சிருமே. துப்பத்தான போறாக, ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். கை வாய்கிட்டப் போயிருச்சு.

வெத்தலைத் தட்டோட வந்த இவுக, தட்டைப் போட்டுட்டு ஓடிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட்டாக. தண்ணி அப்பாவோட புதுச் சட்டையெல்லாம் தெறிச்சது.

"மாமனார்னு பாக்காம கையில அடிக்கிறியா?"ன்னு பெரிய சித்தப்பா எகிறுனாரு.

"மன்னிச்சிருங்க மாமா"ன்னு இவுக கையெடுத்துக் கும்பிட்டாக. "இது ஆலைக் கழிவு. வாயில படக்கூடாது. இதைப் பாத்துக்கிறதுதான் என் வேலை. இந்தப் பறவைக இந்த அழுக்குல இருக்குற புழுவைத் திங்க வருதுக. உங்க பொண்ணு சொல்லலயா?"

இவுக குரல்ல ஒளிவுமறைவு ஒண்ணுமில்ல. செத்துப்போயிரலாம்னு இருந்துச்சு எனக்கு.

அப்பா மெதுவா எந்திரிச்சாக. "உனக்குத் தெரியுமா ஆத்தா?"

ஆமான்னு தலையை ஆட்டுனேன்.

"நான் அள்ளுனப்ப நீ இங்கனதான நின்ன?"

அப்பா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாம, இவுக பக்கம் திரும்புனாக.

"மாப்ள, கை கழுவ நல்ல தண்ணி எங்கன இருக்கு? நீங்க காட்டுங்க."

நான் ஓடிப்போய்ச் செம்புல தண்ணி மோந்துட்டு வந்து நீட்டுனேன். அப்பா அதை வாங்கல. என்னைத் தாண்டி, இவுக பின்னாடி போனாக.