உயிர்வேலியில் ஒரு சன்னல்

மலைச்சரிவில் ஆளுநர் மாளிகையைக் கட்டியவர்களுக்கு மனசு பெரிசு. பனியே கொட்டாத மலையில், பனி வழுக்கி விழுவதற்கென்று செங்குத்தான கூரை வைத்தார்கள். பதினான்கு புகைபோக்கிகள், அவற்றில் புகைவது இரண்டு. வருஷத்தில் இருபது நாள் வந்து தங்குகிறவருக்கு முப்பத்தாறு அறைகள். வருஷம் முழுக்கக் கிடக்கும் எங்களுக்கு, புல்வெளியை ஒட்டிய சரிவில் ஆளுக்கு ஒன்றரை அறை. நான் அங்கே மின்சார வேலை பார்க்கிறவன். பக்கத்து வீட்டில் நூல்காரர்.

செடி வெட்டுவது அவர் வேலை. முளையடித்து நூல் கட்டாமல் கத்தரியைத் தொட மாட்டார். அதனால் அந்தப் பெயர். தன் தலைமுடி காதை மூடினாலும் கண்டுகொள்ளாதவருக்கு, அரசாங்கச் செடியில் ஓர் இலை துருத்தினால் சோறு இறங்காது.

ஒருநாள் புல்வெளியில் தேநீர் குடித்த விருந்தாளியின் கண்ணில், நூல்காரரின் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, உலர்த்திய பாவாடை பட்டுவிட்டது. பள்ளத்தாக்கின் அழகே கெட்டுப்போயிற்றாம். புல்வெளிக்கும் எங்கள் வீடுகளுக்கும் நடுவே பத்தடி உயரத்துக்கு உயிர்வேலி வளர்க்கும்படி மாளிகைக் கண்காணிப்பாளர் உத்தரவிட்டார். எங்களுக்குக் காலை வெயில் வருவதே அந்தப் பக்கமிருந்துதான்.

மனிதர் கொஞ்சம் மெத்தனமாக இருந்திருக்கலாம். நாலு நாள் தண்ணீர் விட மறந்திருக்கலாம். அவரா மறப்பார்? பார்த்துப் பார்த்து எரு போட்டார். மூன்றே வருஷத்தில் வேலி மதில் மாதிரி நின்றது. கண்காணிப்பாளர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். நூல்காரர் வீட்டுச் சமையலறையில் பகலிலேயே இருட்டு. துணி காயவில்லை, அக்காவுக்கு இருமல் விடவில்லை.

"செடி நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க. எனக்குத்தான் வெயிலப் பாத்து மாசக்கணக்காச்சு" என்றார் அக்கா. அவர் சண்டை போட்டிருந்தால்கூட நூல்காரர் தாங்கியிருப்பார்.

மறுநாள் காலை, நான்கு பக்கமும் நூல் கட்டி, சமையலறைக்கு நேராக வேலியில் சதுரமாக ஒரு சன்னல் வெட்டினார். வாழ்க்கையில் அவர் யாரையும் கேட்காமல் செய்த முதல் காரியம் அது. வெயில் அடுப்புமேடை வரை வந்தது. அக்கா அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கும் ஒன்று வெட்டித்தரக் கேட்கலாமா என்று பார்த்தேன், கூச்சமாக இருந்தது.

வேலை போய்விடும் என்று பயந்துகிடந்தோம். கண்காணிப்பாளர் வந்தார், பார்த்தார், பரவசப்பட்டார். பள்ளத்தாக்குக்குப் படச்சட்டம் போட்டது போல் இருக்கிறதாம். எதிரே கல் பெஞ்சு போட்டார்கள். விருந்தாளிகள் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் அக்கா வெங்காயம் நறுக்குவதையும் பார்த்தார்கள். பாவாடைதான் அசிங்கம், வெங்காயம் இயற்கை அழகில் சேர்த்தி. ஒருவர் கையசைக்கவும் செய்தார்.

அக்கா ஒரு வாரம் பொறுத்தார். பிறகு கெட்டித் துணியில் ஒரு திரை தைத்து, தானே ஆணியடித்துச் சமையலறைச் சன்னலில் மாட்டினார்.

"கோணலா இருக்கு" என்றார் நூல்காரர்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அக்கா பகலிலேயே விளக்கைப் போட்டார்.